ஒட்டுண்ணி காணப்படவில்லை

பெரிய தீவு முகாம்,
12 பிப்ரவரி 2024

மாமா,

பெட்டியைத் திறக்கும்போது கவனம். மேல்தட்டில் இருக்கும் ஸ்லைடுகள் எல்லாம் பெண் ஓணான்களின் இரத்தம். மெத்தனாலில் நனைத்து உலர்த்திவிட்டேன். சாயம் ஏற்றிப் பார்ப்பது உங்கள் வேலை. கீழ்த்தட்டில் அதே ஓணான்களின் இரத்தத்தை வடிதாளில் ஒற்றி வைத்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

சீக்கிரம் பார்த்துத் தர வேண்டும். உங்கள் அப்பாவின் காரியத்துக்காக நீங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, இங்கே படகுத்துறை கட்ட ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களோடு எலி வந்தது. எலியைப் பிடிக்கப் பூனைகள் வந்தன. பூனைகளுக்கு எலியைவிட ஓணான் சுலபமாகப் போய்விட்டது. வெயில் காயப் பாறையில் படுத்திருப்பதை அப்படியே கவ்விக்கொண்டு போகின்றன. போன வருடம் நாம் வடக்குப் பாறைகளில் நடந்தால் காலடியில் நாலா பக்கமும் ஓடுமே! இப்போது ஒரு காலை முழுக்க நடந்தால் ஒன்றிரண்டு கண்ணில் படுகிறது.

குட்டித் தீவில் பூனை இல்லை. ஆனால் அங்கே ஓணான்களும் கொஞ்சம்தான். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கூடி, இடுகிற முட்டையில் பாதி பொரிவதில்லை. இங்கிருந்து சில பெண்களைக் கொண்டுபோய் விட்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு ஓணான், மாமா. இந்த இரண்டு பாறைத் திட்டுகளை விட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

தடை அந்த இரத்த ஒட்டுண்ணிதான். இங்குள்ளவை சிவப்பு உண்ணியோடும் அது கொண்டுவரும் ஒட்டுண்ணியோடும் நெடுங்காலம் வாழ்ந்து பழகிவிட்டன. சோர்ந்தாலும் சாவதில்லை. குட்டித் தீவின் இரத்தத்தில் நாம் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. அங்கே அது நுழைந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சுத்தமான பெண்களை மட்டும்தான் எடுத்துப்போக வேண்டும். எவை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முகாமில் இன்னும் சிக்னல் இல்லை. துறைமுகக் கடை முகவரிக்கே எழுதுங்கள். பச்சமுத்து அண்ணன் சாமான் வாங்கப் படகில் போகும்போது எடுத்துவருவார். மே மாதம் கடல் மூடிவிடும், மழை முடியும் வரை படகு ஓடாது.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

யாழினி


நாமக்கல்,
9 மார்ச் 2024

அம்மிணிக்கு,

பெட்டி ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பகல் முழுக்கக் கோழி இரத்தம், வீட்டுக்கு வந்தால் உன் ஓணான் இரத்தம். சாப்பாட்டு மேசையில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே எரிச்சல். "ஏஞ்சாமி, ஊடு வாசல்னு ஒண்ணு இருக்கறது அவளுக்கு நெனப்பு இருக்குதா? ஒடக்கான் நம்மூருல இல்லீன்னா அங்க போயிப் பாக்கறா?" என்று கேட்டாள். நம்மூர் ஒடக்கான் வேறு, அது வேறு என்றேன். "எல்லாந் தலய ஆட்டறதுதானே" என்றாள். பேச்சு அப்படி இருந்தாலும், நீ நம் அறையில் விட்டுப்போன சேலைகளை எடுத்து வெயிலில் உலர்த்தி மடித்து வைத்திருக்கிறாள்.

முடிவுகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். சிலவற்றில் சிவப்பணுவுக்குள் அந்த வாழைப்பழ வடிவம் நன்றாகவே தெரிகிறது. ஒன்பது பெண்களுக்கு நேரே 'ஒட்டுண்ணி காணப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன்.

வடிதாள்களை ஃபேர்லேண்ட்ஸில் கிருத்திகாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நம்மோடு படித்தவள்தான், இப்போது சேலத்தில் சொந்தமாகப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறாள். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் எடுத்தார்களே, அந்த பி.சி.ஆர். முறையில் இதையும் பார்த்துத் தருகிறேன் என்றாள். கண்ணுக்குத் தப்பியது அதில் சிக்கும். முடிந்தால் அதுவரை காத்திரு.

இரண்டு மாதத்தில் வருகிறேன் என்று சொன்னாய். அது போன மழைக்கு முன்னால். சண்டைக்காகச் சொல்லவில்லை.

ஈஸ்வர்


நாமக்கல்,
29 மார்ச் 2024

யாழினி,

அவசரம். ஓணான்களை எடுத்துப்போகாதே.

கிருத்திகா நேற்று முடிவு சொன்னாள். நான் 'காணப்படவில்லை' என்று எழுதியதில் மூன்றுக்கு ஒட்டுண்ணி இருக்கிறது. மிகக் குறைவாக இருந்திருக்கிறது, ஆயிரக்கணக்கான அணுக்களில் ஒன்றில் இருந்தால் நான் பார்க்கும் பரப்பில் அது வராமலே போகலாம். அந்த மூன்றின் ஸ்லைடுகளை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். இப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

துறைமுகக் கடைக்கு இரண்டு தடவை போன் செய்தேன். படகு இன்னும் வரவில்லை, வந்தால் சொல்கிறேன் என்றார் கடைக்காரர். எது முதலில் வந்து சேருமோ என்று இதையும் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

எந்த மூன்று என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மற்ற ஆறையும்கூட இப்போது நகர்த்த வேண்டாம். அடுத்த பருவம் பார்த்துக்கொள்ளலாம்.

ஈஸ்வர்


பெரிய தீவு முகாம்,
31 மார்ச் 2024

மாமா,

உங்கள் மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதம் போன வாரம் கிடைத்தது. பச்சமுத்து அண்ணன் கொண்டுவந்து கொடுத்ததும் மணலிலேயே உட்கார்ந்து உங்கள் தாளைப் படித்தேன். ஒன்பது! நான் நாலோ ஐந்தோதான் தேறும் என்று நினைத்திருந்தேன்.

நேற்றுக் காலை எல்லாவற்றையும் குட்டித் தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டோம்.

கிருத்திகாவின் முடிவுக்குக் காத்திருக்கலாமா என்று யோசிக்காமல் இல்லை. அதற்குள் பிடித்து வைத்த கூண்டையே பூனை பிறாண்டத் தொடங்கிவிட்டது. அலையும் ஏறிக்கொண்டே வருகிறது. "அம்மா, இன்னிக்கு அமைதியா கீது. இத்த உட்டா அப்புறம் கடலு உடாது" என்றார் பச்சமுத்து அண்ணன். ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, கழுத்து மடிப்பு, கால் இடுக்கு எல்லா இடமும் தூரிகையால் துடைத்து, ஒரு உண்ணிகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் பையில் போட்டேன்.

பாறையில் பையை அவிழ்த்ததும் முதலில் ஒன்றும் நகரவில்லை. பிறகு ஒருத்தி தலையை நீட்டினாள். அடுத்த நொடி எல்லாம் இடுக்குகளுக்குள் ஓடி மறைந்துவிட்டன. பச்சமுத்து அண்ணன் கைதட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒன்றரை வருடத்தில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று தோன்றியது.

மே மாதம் கட்டாயம் வருகிறேன். அத்தையிடம் சொல்லுங்கள், அந்தச் சேலைகளைக் கட்டிக்கொண்டு அவரோடு கோயிலுக்கு வருவேன்.

யாழினி


பெரிய தீவு முகாம்,
24 ஏப்ரல் 2024

ஈஸ்வருக்கு,

உங்கள் இரண்டாவது கடிதம் முந்தாநாள் வந்தது. படகு இன்ஜின் பழுதாகி மூன்று வாரமாகப் பச்சமுத்து அண்ணன் துறைமுகம் போகவே இல்லை. கடைக்காரர், "உங்க ஊட்டுக்காரர் போன் பண்ணாரும்மா, எதையோ தூக்கிட்டுப் போவ வேணாம்னு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கடிதத்தைப் படித்த அன்றே குட்டித் தீவுக்குப் போனேன். அலை பாறையில் ஏற விடவில்லை. நேற்றுதான் ஏற முடிந்தது. சுருக்குப் போட்ட தூண்டில் கயிற்றோடு பாறை பாறையாக ஊர்ந்து, நாங்கள் விட்டதில் நாலைப் பிடித்து இங்கேயே திருப்பிக் கொண்டுவந்தேன். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று அதில் இருக்கிறது. மற்ற இரண்டும் எந்த இடுக்கில் இருக்கின்றனவோ தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தீவிலேயே பிறந்த ஒரு குட்டியைப் பிடித்துப் பார்த்தேன். அதன் கழுத்து மடிப்பில் சிவப்பாக மூன்று புள்ளி. துடைத்தும் வரவில்லை. உண்ணிதான். எங்கோ நான் துடைக்காத ஓர் இடத்தில் ஒளிந்துகொண்டு போயிருக்கிறது.

அங்கே உண்ணியே இருந்ததில்லை. நானே படகு வைத்துக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.

உங்கள் தாளை நம்பித்தான் செய்தேன். ஒன்பதையும் எழுதிக் கொடுத்தது நீங்கள்.

யாழினி


நாமக்கல்,
20 மே 2024

யாழினிக்கு,

நீ எழுதிய கடைசி வரியை ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

'காணப்படவில்லை' என்று எழுதினேன். 'இல்லை' என்று எழுதவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு உனக்கும் தெரியும். நாம் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரையே அதைப் பற்றித்தான். முடிந்தால் காத்திரு என்றும் எழுதினேன். அந்த 'முடிந்தால்' என்ற சொல்லைப் போடாமல் இருந்திருக்கலாம். காத்திரு என்று நேராகச் சொன்னால் நான் உன்னை அதட்டுகிறேன் என்பாய். அதற்குப் பயந்துதான் போட்டேன். நமக்குள் எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டது.

போன வாரம் பக்கத்துப் பண்ணையில் நோய் வந்தது. நான்தான் இரத்தம் பார்த்துச் சொன்னேன். மறுநாள் மதியத்துக்குள் ஒரு கொட்டகை முழுவதையும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடிவிட்டார்கள். முதலாளி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, "அடுத்த மாசம் புதுக் குஞ்சு எறக்கிக்கலாமுங்க" என்றார். ஊர் முழுக்கக் குஞ்சு பொரிக்கிற ஆலை இருக்கிறது, அவருக்கு என்ன கவலை. நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் குட்டித் தீவு ஞாபகம் வந்தது. அங்கே புதிதாக இறக்க எங்கேயும் குஞ்சு கிடையாது.

இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். குத்தத்தான் எழுதுகிறேன். எழுதியதும் எனக்கே பிடிக்கவில்லை. இருந்தும் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

கடல் மூடிவிட்டது, முகாமையும் காலி செய்வீர்கள் என்று நம் ஆய்வை நடத்தும் பேராசிரியர் குருமூர்த்தி சொன்னார். அங்கே உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய்? வீட்டுக்கு வா.

ஈஸ்வர்


பெரிய தீவு முகாம்,
22 செப்டம்பர் 2024

ஈஸ்வருக்கு,

மழைக்காலம் முழுக்கத் துறைமுக ஊரில்தான் இருந்தேன். அங்கே சிக்னல் உண்டு. நீங்கள் அழைத்தபோதெல்லாம் போன் என் கையில்தான் இருந்தது. எடுத்தால் உங்கள் குரலில் கோபம் இருக்குமா, பரிவு இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டையும் என்னால் தாங்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. எழுதுவதென்றால் இப்படி நிறுத்தி நிறுத்தி எழுத முடிகிறது.

போன வாரம் கடல் திறந்தது. குட்டித் தீவில் இறங்கினோம்.

அவை ஓடவில்லை, ஈஸ்வர். கால் வைத்ததும் தெறித்து ஓடுபவை, பக்கத்தில் போய்க் குனிந்தாலும் படுத்தே கிடந்தன. வெயில் ஏறி, பாறை சுடத் தொடங்கிய பிறகும் நிழலுக்குப் போகத் தெம்பில்லை. கையிலேயே எடுத்தேன். வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே ரோஜா நிறமாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஊசி குத்தியபோது வந்த இரத்தம் தண்ணீராக இருந்தது. இடுக்குகளில் காய்ந்து ஒட்டிய தோல்கள். பெரியவை, சின்னவை எல்லாமே. எறும்புகள் மீதியைப் பார்த்துக்கொண்டன.

இதில் ஒரு கொடுமை. நாங்கள் கொண்டுபோய் விட்ட பெண்களில் இரண்டு நன்றாக இருக்கின்றன. கொழுத்து, முட்டையோடு. ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டே வாழ அவற்றுக்குத் தெரியும். கூடுவதற்கு இனி ஆண் மிஞ்சுமா என்றுதான் தெரியவில்லை.

பெரிய தீவின் வடக்குப் பாறைகளையும் பார்த்துவிட்டேன். தேடிய நாலு நாளும் அங்கே பூனைகளைத் தவிர எதுவும் என் கண்ணில் படவில்லை. 'காணப்படவில்லை' என்று எழுதிக்கொள்ளட்டுமா?

வருவதாக இல்லை. பாதியில் எழுந்து வருகிற வேலையா இது?

யாழினி


நாமக்கல்,
30 நவம்பர் 2024

அம்மிணிக்கு,

சொல்லாமல் கிளம்பி அங்கே வந்தது என் தப்பு. படகில் இருந்து என்னைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கிலேயே அது தெரிந்துவிட்டது. ஆனாலும் வந்ததற்கு வருத்தப்படவில்லை.

பத்து நாள் ஒன்றாகப் பாறைகளில் ஊர்ந்தோம். அந்தப் பக்கம் பார், கயிற்றைக் கொடு, தண்ணீர் இருக்கிறதா. இதைத் தவிர ஒரு பேச்சு கிடையாது. அந்த இரண்டு பெண்களின் முட்டைகளைத் தோண்டி எடுத்தோமே, எல்லாம் உள்ளே கெட்டுச் சுருங்கிப்போய், அப்போது உன் தோளில் கை வைத்தேன். நீ தட்டிவிடவில்லை. எழுந்து அடுத்த பாறைக்குப் போய்விட்டாய். தட்டிவிட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று திரும்பி வரும் கப்பல் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு ஒட்டுண்ணியும் தெரியாது, உண்ணியும் ஆட்டில் இருப்பதுதான் தெரியும். "அவ கெடுதி நெனச்சா செஞ்சா? பொழைக்கட்டும்னுதானே சாமி எடுத்துட்டுப் போனா. அந்தப் புள்ளையத் தனியா உட்டுட்டு நீ எதுக்கு வந்தே?" என்று என்னைத்தான் திட்டினாள்.

எதற்கு வந்தேன் என்றால், நான் பக்கத்தில் இருந்தால் நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாள்தான் உன் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கும் உன்னைப் பார்த்தால் அதுதான்.

மே மாதம் எழுதிய கோழிக் கதையை மறந்துவிடு. முடியாது என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

ஈஸ்வர்


துறைமுகம்,
18 ஜனவரி 2025

ஈஸ்வருக்கு,

முகாமைக் காலி செய்துவிட்டோம். நாளை மறுநாள் கப்பல். சென்னையில் இருந்து சேலத்துக்கு ரயில் போட்டிருக்கிறேன். அங்கிருந்து பஸ் பிடித்துத் திருச்செங்கோடு போய் அம்மா வீட்டில் இருப்பேன். நாமக்கல் வருவேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. அத்தையிடம் மட்டும் நானே போன் செய்து பேசிவிட்டேன். "எங்க இருந்தாலும் நேரத்துக்குச் சோறு தின்னு கண்ணு" என்றார்.

நீங்கள் போன பிறகு அந்த இரண்டு பெண்களும் அடுத்தடுத்துச் செத்தன. வயதாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். குட்டித் தீவில் ஒரே ஒரு ஆண் மிஞ்சினான். கிழக்கு முனையில், நாம் அன்று மதியம் உட்கார்ந்து சாப்பிட்ட பாறைக்குக் கீழே இருந்தான்.

பேராசிரியருக்குச் செய்தி சொன்னேன். அவர் இந்தத் தீவுகளை ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. "அதையாவது முழுசா எடுத்து வந்துடும்மா, நமக்கு ஒரு ஆதாரம் வேணும்ல" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அங்கேயே செத்தால் எறும்பு தின்றுவிடும். இப்படி ஒன்று இருந்தது என்று சொல்லக்கூட ஒன்றும் இருக்காது.

போன புதன்கிழமை காலையில் போனேன். வாயின் உட்பக்கம் அவனுக்கும் வெளுத்துவிட்டது. எடுத்தபோது என் விரலைக் கடிக்கப் பார்த்தான், பல் அழுந்தவில்லை. பையில் போடும் முன் என்ன தோன்றியதோ, வெயில் விழும் இடமாகப் பார்த்துப் பாறைமேல் விட்டேன். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தான். உடம்பு சூடேறியதும் முன்னங்காலை ஊன்றி எழுந்து, தொண்டையை விரித்து, தலையை மேலும் கீழும் ஆட்டினான். இது என் இடம் என்று மற்ற ஆண்களுக்குச் சொல்வது. இங்கே வா என்று பெண்களுக்குச் சொல்வது. ஆட்டிவிட்டு நிறுத்தினான். தலையைச் சாய்த்து எதிர்ப்பாறையைப் பார்த்தான். அங்கிருந்து யாராவது பதில் சொல்ல வேண்டும் அல்லவா. மறுபடி தொண்டையை விரித்தான். மறுபடி பார்த்தான். பச்சமுத்து அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படகுக்குப் போய்விட்டார். நான் எத்தனை நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை.

பிறகு எடுத்து, மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, சாராயக் குப்பியில் போட்டேன். எப்போதும்போல மூடியைத் திருகி, பெயர்ச்சீட்டை நேராக ஒட்டினேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இரத்தம் எடுக்கவில்லை. அதைப் பார்த்து இனி யாருக்கு என்ன தெரிய வேண்டும்?

சாராயத்தில் நிறம் நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டே நாளில் தொண்டை முழுக்கச் சாம்பலாகிவிட்டது. பெயர்ச்சீட்டில் இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதக் கட்டம் இருக்கிறது. நிறத்துக்குக் கட்டம் இல்லை. கனகாம்பரத்தைப் பறித்த அன்று இருக்குமே, சரியாக அந்த நிறம். ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு. அதை உயிரோடு, அந்த நிறத்தில் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் நீங்களும் நானும் பச்சமுத்து அண்ணனும்தான். நான் சொன்னது சரியா, ஓரத்தில் கறுப்புதானே என்று கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

யாழினி